ஃப்ரீட்ஹோஃப்: ஒரு ஜெர்மன் கூட்டுச்சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனியில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு கல் மதில், அதில் ஓர் இரும்புக் கதவு, பக்கத்தில் 'ஃப்ரீட்ஹோஃப்' என்ற பலகை கண்ணில் படும். கல்லறைத் தோட்டம். ஜெர்மன் படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனவர்கூட இந்தச் சொல்லைப் பிரித்துவிடுவார். ஃப்ரீடெ என்றால் அமைதி. ஹோஃப் என்றால் முற்றம். சேர்த்தால் அமைதி முற்றம். எவ்வளவு அழகான பெயர் என்று தோன்றும். நானும் பல வருடம் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் பவேரியக் கிராமம் ஒன்றில், கணவர் கல்லறைக்குப் பூவும் தண்ணீர்க் குடுவையுமாகக் கிளம்பிய ஒரு பாட்டி, "ஃப்ரைட்ஹோஃபுக்குப் போகிறேன்" என்றார். ஃப்ரீ இல்லை, ஃப்ரை. வட்டார உச்சரிப்பு என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் அதே பாட்டி 'அமைதி' என்ற சொல்லைச் சொன்னபோது ஃப்ரீ என்றுதான் சொன்னார். இரண்டிலும் ஒரே சொல் இருந்தால் ஒரே வாயில் இரண்டு ஒலி எப்படி வரும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் நான் கற்ற முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரே சொல்லைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். முறை பிடிபட்டுவிட்டால் எந்த ஜெர்மன் கூட்டுச்சொல்லையும் நீங்களே திறந்து பார்க்கலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, இணைய இணைப்பு. பெர்லின்-பிராண்டன்புர்க் அறிவியல் கழகம் நடத்தும் டே-வே-டே-எஸ் என்ற அகராதித் தளம் இலவசம். வோல்ஃப்காங் ஃபைஃபர் தலைமையில் கிழக்கு பெர்லினில் உருவாகி 1989-இல் வெளிவந்த வேர்ச்சொல் அகராதி முழுவதும் அதில் இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய பேரகராதியையும் இணையத்தில் படிக்கலாம். தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே யாக்கோப், வில்ஹெல்ம் சகோதரர்கள்தான். அகராதி முடிந்தது 1961-இல். தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கவில்லை. வில்ஹெல்ம் 1859-இல் இறந்தபோது டி எழுத்தை முடித்திருந்தார். யாக்கோப் 1863-இல் இறந்தபோது எஃப் வரிசையில் 'ஃப்ருக்ட்', அதாவது பழம், என்ற சொல்லில் நின்றிருந்தார். அகர வரிசையில் ஃப்ரீட்ஹோஃப் அதற்குச் சற்று முன்னால் வருகிறது. நாம் திறக்கப்போகும் பதிவு, அவருடைய கடைசிக் காலத்து உழைப்பு. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

படி 1: எங்கே வெட்டுவது?

ஜெர்மன் கூட்டுச்சொல்லில் இடைவெளி கிடையாது. வெட்டும் இடத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். பள்ளி இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்தது இதைத்தான். ஜெர்மனில் 'வாக்ஸ்டூபெ' என்ற எழுத்துக்கோவை இருக்கிறது. வாக், ஷ்டூபெ என்று வெட்டினால் காவலர் அறை. வாக்ஸ், டூபெ என்று வெட்டினால் மெழுகுக் குழாய். எழுத்து ஒன்றுதான், வெட்டு மாறினால் உச்சரிப்பே மாறிவிடும்.

நம் சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. ஃப்ரீட், ஹோஃப். வேறெங்கும் வெட்ட வழியில்லை. நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: பின்னால் இருப்பதை முதலில் பாருங்கள்

மரப்பெட்டி என்பது பெட்டிதான், மரமல்ல. தமிழைப் போலவே ஜெர்மனிலும் தலைச்சொல் கடைசியில் நிற்கும். சொல்லின் பாலையும் அதுவே தீர்மானிக்கும். ஹோஃப் ஆண்பால், ஆகவே ஃப்ரீட்ஹோஃபும் ஆண்பால்.

ஒரு பகுதியின் பொருளைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, அது வேறு எந்தெந்தச் சொற்களில் குடியிருக்கிறது என்று பார்ப்பது. பான்ஹோஃப் ரயில் நிலையம். பவுவர்ன்ஹோஃப் விவசாயியின் வீடும் தொழுவமும் களமும் சேர்ந்த வளாகம். ஷூல்ஹோஃப் பள்ளி மைதானம். ஹின்டர்ஹோஃப் கொல்லைப்புறம். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, கட்டடமோ சுவரோ சூழ்ந்த ஓர் இடம். அரசரின் வளாகத்துக்கும் இதே பெயர்தான். அதனால்தான் பண்பாகப் பழகுவதற்கு 'ஹோஃப்லிஷ்' என்ற சொல் வந்தது. அழகுக்கான 'ஹியுப்ஷ்' கூட அரசவைப் பாங்கு என்ற பொருளிலிருந்து வந்ததுதான். ஹோஃப் பகுதியில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இதை மூடி வைத்துவிட்டு முன்பகுதிக்குப் போகலாம்.

படி 3: ஒட்டெழுத்தைக் கவனியுங்கள்

இரண்டு சொல் சேரும்போது ஜெர்மன் நடுவில் ஓர் ஒட்டு வைக்கும். எஸ், என், ஈ-என்-எஸ் என்று பல வகை. ஒவ்வொரு சொல்லுக்கும் பழக்கமான ஒட்டு ஒன்று உண்டு. அமைதியை வைத்து உண்டாக்கிய பெயர்ச்சொற்களைக் கவனியுங்கள். அமைதி ஒப்பந்தம் ஃப்ரீடன்ஸ்ஃபெர்ட்ராக். சமாதானப் புறா ஃப்ரீடன்ஸ்டவுபெ. அமைதிக்கான நோபல் பரிசு ஃப்ரீடன்ஸ்நொபெல்பிரைஸ். எல்லாம் ஃப்ரீடன்ஸ் என்றுதான் தொடங்குகின்றன.

அப்படியானால் அமைதி முற்றத்துக்கு ஃப்ரீடன்ஸ்ஹோஃப் என்றல்லவா வர வேண்டும்? ஏன் வெறும் ஃப்ரீட்?

இது ஒரு சந்தேகம்தான், சான்று ஆகாது. 'ஃப்ரீட்லிஷ்', 'ஃப்ரீட்ஃபெர்டிக்' போல ஒட்டில்லாத சொற்களும் அமைதிக் குடும்பத்தில் உண்டு. இங்கேயே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: பழைய வடிவங்களை வரிசையாக எழுதுங்கள்

இப்போது அகராதியைத் திறக்கலாம். பதிவின் முதல் வரியிலேயே சுருக்கெழுத்துகள் மிரட்டும். பயப்பட வேண்டாம், இரண்டு தெரிந்தால் போதும். 'ஆ-ஹா-டே' என்றால் பழைய உயர் ஜெர்மன், ஏறக்குறைய 750 முதல் 1050 வரை. 'எம்-ஹா-டே' என்றால் இடைக்கால உயர் ஜெர்மன், ஏறக்குறைய 1050 முதல் 1350 வரை.

நோட்டில் இரண்டு பத்தி இழுத்து இப்படி எழுதுங்கள்.

கல்லறைத் தோட்டம்: பழைய வடிவம் ஃப்ரீட்ஹோஃப், இடைக்கால வடிவம் ஃப்ரீட்ஹோஃப், இன்று ஃப்ரீட்ஹோஃப்.

அமைதி: பழைய வடிவம் ஃப்ரிடு, இடைக்கால வடிவம் ஃப்ரிடெ, இன்று ஃப்ரீடெ.

உயிரெழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு இருந்தால் அது நெடில். கோடு இல்லையென்றால் குறில். ஜெர்மன் மாணவர்கள் இந்தக் கோட்டைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். குறில், நெடில் என்று சின்ன வயதிலிருந்து படித்த நமக்கு அது உடனே உறைக்கும். கல்லறைத் தோட்டத்தின் சொல்லில் ஆதியிலிருந்தே நெடில் ஈ. அமைதியில் முதலில் குறில் இ, பின்னால்தான் நெடிலானது.

இரண்டு பத்தியையும் இன்னொரு முறை பாருங்கள். அமைதி மாறியிருக்கிறது. கல்லறைத் தோட்டம் ஆயிரம் வருடமாக அசையவே இல்லை. மாறாத சொல்தானே நம்பகமானது என்று நினைப்போம். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் கதை தலைகீழ். மாற வேண்டிய இடத்தில் மாறாமல் நிற்கும் சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படி 5: ஒலி விதியால் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். சொல்லின் பொருள் யாரையும் ஏமாற்றிவிடும். ஒலி மாற்றம் ஒரு காலத்தில், ஒரு பகுதியில், ஒரே மாதிரி நடக்கும். சொல்லின் பொருள் அழகாக இருக்கிறதா, சோகமாக இருக்கிறதா என்று அது பார்க்காது.

12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆஸ்திரிய, பவேரியப் பகுதியில் தொடங்கி, அடுத்த சில நூற்றாண்டுகளில் ஜெர்மன் பேசும் நிலத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ஒரு மாற்றம் உண்டு. பழைய நெடில் ஈ, ஐ ஆனது. பழைய ஊ, ஔ ஆனது. ட்ஸீட் என்றிருந்த காலம் இன்று ட்ஸைட். ஹூஸ் என்றிருந்த வீடு ஹவுஸ். மீன் என்றிருந்த 'என்' மைன்.

சுவிட்சர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்கள் தெருவில் பேசும் சுவிஸ் ஜெர்மனில் இந்த மாற்றம் நடக்கவில்லை. விளையாட்டு மைதானத்தில் 'ஹூஸ்', பள்ளிப் புத்தகத்தில் 'ஹவுஸ்'. இரண்டுக்கும் நடுவே இருக்கும் எழுநூறு, எண்ணூறு வருடத்தை ஒவ்வொரு நாளும் தாண்டிப் போகிறார்கள்.

இரண்டாவது மாற்றம். குறில் உயிர், அசையின் முடிவில் நின்றால் நீண்டுவிட்டது. சிபென் என்றிருந்த ஏழு, ஸீபென் ஆனது. ஃப்ரிடெ, ஃப்ரீடெ ஆனது.

இரண்டு விதியும் ஒன்றையொன்று உரசும் இடத்தைக் கிட்டத்தில் பார்க்க ஒரு சோடி இருக்கிறது. இடைக்கால ஜெர்மனில் விசெ என்று குறிலோடு சொன்னால் புல்வெளி. வீசெ என்று நெடிலோடு சொன்னால் வழிமுறை. இன்று புல்வெளி வீசெ, வழிமுறை வைசெ. இரண்டும் ஒரு படி ஏறியிருக்கின்றன. குறில் நெடிலின் இடத்தைப் பிடிக்க, நெடில் ஐயாக விலகிக்கொண்டது. கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர் மாறினால் ஃபீல்டர்கள் மொத்தமாக நகர்வார்களே, அந்த மாதிரி ஒழுங்கு.

இப்போது நம் சொல்லுக்கு வாருங்கள். பழைய நெடில் ஈயோடு இருந்த ஃப்ரீட்ஹோஃப், விதிப்படி இன்று ஃப்ரைட்ஹோஃப் என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்?

ஆகியிருக்கிறது. பாட்டி சொன்னாரே, அதுதான். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் வட்டார வழக்கில் ஃப்ரைட்ஹோஃப் இன்றும் வாழ்கிறது. விதி ஒழுங்காக வேலை செய்ததற்கு உயிருள்ள சாட்சி. பொதுமொழியில் மட்டும் ஏதோ ஒரு கை குறுக்கே வந்து அதை ஃப்ரீட் பக்கம் இழுத்திருக்கிறது. அந்தக் கை, அமைதி என்ற சொல்லின் கை.

அப்படியானால் ஃப்ரீட் என்ற அந்தப் பழைய நெடில் சொல் எது? 'ஃப்ரீடென்' என்றொரு வினை பழைய ஜெர்மனில் இருந்தது. பேணு, பாதுகாத்து வை என்று பொருள். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோதிக் விவிலியத்தின் மொழியிலும் அதன் உறவு 'ஃப்ரீட்யான்' இருக்கிறது, தீண்டாமல் விட்டுவை என்ற பொருளில். பின்னால் அந்த வினை வழக்கொழிந்துபோனது. ஆக, ஃப்ரீட்ஹோஃப் என்றால் அடைத்துக் காக்கப்பட்ட முற்றம். வேலி கட்டிய இடம். சாவுக்கும் அதற்கும் முதலில் சம்பந்தமே இல்லை.

வினை செத்துப்போனதும், முன்பகுதி பேசுபவர்களுக்குப் புரியாமல் அநாதையாக நின்றது. புரியாத பகுதியை மனிதர்கள் சும்மா விடமாட்டார்கள். பக்கத்தில் ஒலியால் நெருங்கிய, புரிகிற சொல் எது என்று பார்த்து அதோடு முடிச்சுப் போடுவார்கள். மொழியியலில் இதை மக்கள் சொற்பிறப்பியல் என்பார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக, காதால் கேட்டதை மனம் திருத்திக்கொள்கிறது.

படி 6: பொருள் நடந்த பாதையை வரலாற்றோடு ஒப்பிடுங்கள்

ஒலி சொல்வதை வரலாறு மறுத்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே இரண்டும் கைகோத்துப் போகின்றன.

பழைய ஜெர்மனில் இந்தச் சொல் தேவாலயத்தின் முன்முற்றத்தைக் குறித்தது. சுற்றிலும் மதில். அடைக்கலம் தேடி ஓடிவந்தவரை அதற்குள் கைவைக்கக் கூடாது. பாதுகாத்து வை என்ற வினை அங்கே வந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை. இறந்தவர்களைத் தேவாலயத்தைச் சுற்றிப் புதைப்பது இடைக்கால வழக்கம். முற்றமே கல்லறை நிலமாகிவிட, முற்றத்தின் பெயர் கல்லறைக்குப் போனது. இதே இடத்துக்கு 'கிர்ஷ்ஹோஃப்', அதாவது கோயில் முற்றம், என்றும் 'கொட்டெஸ்ஆக்கர்', கடவுளின் வயல், என்றும் பெயர்கள் இருந்தன. கடவுளின் வயல்! விதைத்தவர்கள் ஒருநாள் முளைத்தெழுவார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஊர் நடுவில் இடமில்லை, கொள்ளைநோய் பயம் வேறு. மார்ட்டின் லூதர் 1527-இல் பிளேக் பற்றி எழுதியபோது, கல்லறை நிலம் ஊருக்கு வெளியே, சந்தடியில்லாத இடமாக இருக்க வேண்டும் என்றார். விட்டன்பெர்க்கின் கல்லறை நிலம் தெருவும் சந்தையுமாகக் கிடக்கிறதே என்று வருந்தினார். ஹாலே நகரில் 1557-இல் மதிலோடும் 94 வளைவுகளோடும் ஊருக்கு வெளியே கட்டத் தொடங்கிய கல்லறை வளாகம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் 'ஷ்டாட்கொட்டெஸ்ஆக்கர்', நகரத்தின் கடவுள் வயல். 1784-இல் இரண்டாம் ஜோசஃப் மன்னர் வியன்னாவின் கல்லறைகளை ஊருக்கு வெளியே அனுப்பினார். 1794-இல் வந்த பிரஷ்யச் சட்டத் தொகுப்பு, தேவாலயத்துக்குள்ளும் நகரின் குடியிருப்புப் பகுதிகளிலும் புதைக்கத் தடை போட்டது.

தேவாலயம் இல்லாத இடத்தைக் கோயில் முற்றம் என்று எப்படிச் சொல்வது? ஃப்ரீட்ஹோஃபுக்கு அந்தத் தடை இல்லை. அதற்குள் அமைதி என்ற பொருளும் ஏறிவிட்டது. மரமும் நிழலுமாக ஊர் ஓரத்தில் இருக்கும் புதிய இடத்துக்கு அது அச்சாகப் பொருந்தியது. ஹாம்பர்கில் 1877-இல் திறந்த ஓல்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டம் 389 ஹெக்டேர். உள்ளே பேருந்து ஓடுகிறது. அங்கே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், அமைதி முற்றம் என்று நம்பியவர்களைத் தப்பு சொல்ல மனம் வராது. சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்களும் அந்தச் சொல்லை வளர்த்தவர்கள்தான்.

படி 7: இன்னும் ஆழமாக, உறவுக்கூட்டத்தைத் தேடுங்கள்

யாக்கோப் கிரிம் 1822-இல் முறைப்படுத்திய ஒரு விதி உண்டு. சமஸ்கிருதம், லத்தீன் போன்ற மொழிகளில் சொல்லின் முதலில் ப வந்தால், ஜெர்மானிய மொழிகளில் அந்த இடத்தில் ஃப வரும். சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களை வைத்தே சோதிக்கலாம். பிதா, ஜெர்மனில் ஃபாட்டர். பாதம், ஜெர்மனில் ஃபூஸ்.

ஃப்ரீட் என்பதன் ஃபவைப் பவாக்கிப் பாருங்கள். ப்ரீ. சமஸ்கிருதத்தில் ப்ரிய. தமிழில் நாம் தினமும் சொல்லும் பிரியம்!

நேசம், நெருக்கம் என்ற அந்த ஒரே வேரிலிருந்து ஜெர்மனில் ஒரு பட்டாளமே பிறந்திருக்கிறது. நண்பன் என்ற 'ஃப்ராய்ண்ட்' அதிலிருந்துதான். சுதந்திரம் பெற்ற என்று பொருள்படும் 'ஃப்ரை'யும் அதே வேர். நேசத்துக்குரிய சொந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், அதனால் அடிமையல்லாதவன் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையான 'ஃப்ரைடாக்', ஃப்ரிக் என்ற தேவியின் நாள். அவள் பெயரும் இங்கிருந்தே. அமைதி என்ற ஃப்ரீடெவும் இதே வேர்தான்.

எனக்கு இந்தக் கட்டத்தில் உடம்பு சிலிர்த்தது. பாதுகாத்து வை என்ற ஃப்ரீட்டும் அமைதி என்ற ஃப்ரீடெவும் தாய் பிள்ளை இல்லை, ஆனால் ஒரே வீட்டுப் பங்காளிகள். மக்கள் முடிச்சுப் போட்டது தவறான ஆளோடு. ஆனாலும் குடும்பம் அதே குடும்பம். இப்படி அமைவது அபூர்வம், எல்லாச் சொல்லிலும் எதிர்பார்க்காதீர்கள்.

இனி நீங்களே செய்து பார்க்க

முதலில் ஓர் எச்சரிக்கை. எல்லாக் கூட்டுச்சொல்லும் ஏமாற்றாது. தையல்காரர் விரலில் போடும் விரலுறை 'ஃபிங்கர்ஹூட்', விரல் தொப்பி. மேலே தெரிவதுதான் உள்ளேயும். அந்த விரலுறை வடிவத்தில் பூக்கும் செடிக்கும் ஜெர்மனில் அதே பெயர். 1542-இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற தாவர அறிஞர் அதை லத்தீனில் டிஜிடாலிஸ் என்று மாற்றினார். இதய மருந்தின் பெயராக நமக்கு அது தெரியும். மர்மம் இல்லாத இடத்தில் மர்மம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏமாற்றும் சொற்களில் எனக்குப் பிடித்தது 'மவுல்வுர்ஃப்', அகழெலிபோல மண்ணுக்குள் வாழும் மோல் என்ற பிராணி. மவுல் என்றால் விலங்கின் வாய், வுர்ஃப் என்றால் எறிதல். வாயால் எறிவது? அந்தப் பிராணி மண்ணைத் தள்ளுவது முன்னங்கால்களால். பொருள் நடப்போடு இடிக்கிறதல்லவா, அதுவே முதல் தடயம். பழைய வடிவம் 'மூவெர்ஃப்'. மூ என்றால் குவியல். குவியல் எறிபவன். குவியல் என்ற சொல் மறந்துபோனதும், மண் என்று பொருள்படும் 'மொல்ட்' அந்த இடத்தில் வந்து மண் எறிபவன் ஆனது. அதுவும் மறந்தபின் வாய் வந்து உட்கார்ந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு முறை மறுபிறப்பு.

நோவா காலத்துப் பெருவெள்ளம் 'ஸின்ட்ஃப்ளூட்'. ஸின் என்றால் எங்கும் பரவிய, ஓயாத. அது புரியாமல் போனதும் பாவம் என்ற 'ஸியுண்டெ' சேர்ந்து, பாவ வெள்ளம் என்று பல நூற்றாண்டு எழுதினார்கள். விவிலியக் கதைக்கும் அது பொருந்திப்போனது. ஆனால் இன்றைய எழுத்தில் பழைய வடிவமே நிலைத்திருக்கிறது.

தொங்கு தூளியான 'ஹெங்கெமட்டெ', தொங்கும் பாய் என்று தெளிவாகவே ஒலிக்கும். உண்மையில் அது கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய ஹமாக்கா. ஸ்பானியர் வழியாக டச்சுக்காரரிடம் வந்தபோது தொங்கலும் பாயும் ஒட்டிக்கொண்டன. இதற்கு நேர் எதிர் நம் கட்டுமரம். ஜெர்மனில் கட்டமரான் என்று போய்ச் சேர்ந்த அது, கட்டு, மரம் என்ற இரண்டு சொல் என்பதே அங்கே பெரும்பாலோருக்குத் தெரியாது.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். ஆல்ப்ஸ் மலையில் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும், சீட்டியடிப்பதுபோலக் கூவும் பிராணி 'முர்மெல்டியர்'. முர்மெல்ன் என்றால் முணுமுணுப்பது, டியர் என்றால் விலங்கு. முணுமுணுக்கும் விலங்கு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டியடிக்கும் பிராணிக்கு ஏன் முணுமுணுப்பு என்று பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பழைய உயர் ஜெர்மன் வடிவம் 'முர்முன்டோ'. அதை வைத்துக்கொண்டு லத்தீனில் எலிக்கு என்ன சொல், மலைக்கு என்ன சொல் என்று அகராதியில் பாருங்கள்.